ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும்

"மாமா, ஜெர்மனியில மணிக்கு இவ்வளவுன்னு காசைக் கட்டிட்டா, பட்டறைக்குள்ள நம்ம காரை நாமளே ஏத்தி, அவங்க ஸ்பேனரை வாங்கி நாமளே வேலை பாத்துட்டு வரலாமாம். தென்காசியில அப்படி எங்கயாவது உண்டா?"

கேட்டது அக்கா மகன். பெங்களூரில் வேலை. எட்டு வருஷம் ஓடிய சின்னக் கார் ஒன்றைப் போன தை மாசம் வாங்கியிருக்கிறான். கொல்லத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆரியங்காவு வழியாகத் திரும்பியவன், புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனதாகச் சொல்லிக்கொண்டு, முகம் வெளுத்து வந்து சேர்ந்தான். மறுநாள் காலை இலஞ்சிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனி மாசச் சாரல் தகரக் கூரையில் தவிடு தூவுகிற மாதிரி விழுகிறது. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் தலையில் பெட்டி படுக்கையோடு போய்க்கொண்டே இருக்கின்றன.

உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 'உங்கள் காரை நீங்களே பழுது பாருங்கள்' என்று போர்டு மாட்டிய கடையை இங்கே நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் உன் பெடல் ஏன் இறங்கியது என்று தெரிந்துகொள் என்றேன். நோய் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போய் என்ன செய்வது?

டீ மாஸ்டருக்குப் பக்கத்தில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். ஆட்களும் சாமானுமாக 1,200 கிலோ இருக்கிற கார் ஒன்று, நூறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள். கியரைக் குறைத்து எஞ்சினைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளாமல், பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து இறங்கினால், அந்த இறக்கம் அத்தனையும் சூடாக மாறி டிஸ்க்கிலும் டிரம்மிலும் போய் உட்காரும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12 லட்சம் ஜூல். பச்சைத் தண்ணீர் மூன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. முப்பது டீக்கு மேல் போடலாம். முப்பது டீயின் சூட்டை உள்ளங்கை அகலப் பேட் நாலைந்து தாங்க வேண்டும்.

அந்தச் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கு ஏறும். காலிப்பருக்குள் இருக்கிற பிரேக் ஆயிலுக்கும் ஏறும். நாம்தான் ஆயில் என்கிறோம், அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு, காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். புதுசாக இருக்கும்போது டாட் 3 வகைக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி இருந்தாலே தேவலை என்று தரக்கட்டுப்பாடே ஒப்புக்கொள்கிறது. டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்த பிறகு 155. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை, அதற்குள் எழுபது டிகிரி போய்விடுகிறது.

கொதித்தால் ஆவி. திரவம் அமுங்காது. அதனால்தான் காலில் கொடுக்கிற அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரம் வரைக்கும் சேதாரமில்லாமல் போய்ச் சேர்கிறது. ஆவி அமுங்கும். அப்போது நீ மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சாவது இப்படித்தான். புளியரை இறக்கம் ஒன்றும் கொல்லிமலை இல்லை, எழுபது கொண்டை ஊசி வளைவு கிடையாது. அந்தச் சின்ன இறக்கத்திலேயே பெடல் இறங்குகிறது என்றால், ஒன்று எங்கேயோ கசிகிறது, இல்லையென்றால் அந்த ஆயிலை மாற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டே போனட்டைத் திறந்தோம். டப்பாவில் அளவு சரியாக இருந்தது, நிறம்தான் முதல் டிக்காஷன் நிறம். புது ஆயில் லேசான தேன் நிறத்தில் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் போட்டிருக்கும். எஞ்சின் ஆயிலைக் கேட்கிற அளவுக்குப் பிரேக் ஆயிலை யாரும் கேட்பதில்லை. வண்டி ஓடாவிட்டால்தானே நமக்குக் கவலை. நிற்காததைப் பற்றிப் புளியரையில்தான் நினைப்போம்.

இரண்டாவது டீ சொன்னோம். இப்போது பட்டறைக் கதைக்கு வரலாம்.

ஜெர்மனியில் அந்தப் பட்டறைக்குப் பெயரே 'தன்னுதவிப் பட்டறை' என்றுதான் பொருள்படும். லிஃப்ட் உள்ள ஒரு கட்டத்துக்கு மணிக்குப் பத்து யூரோவிலிருந்து இருபது யூரோ வரை வாடகை. கருவி தருவார்கள், வடித்த பழைய ஆயிலை வாங்கிக்கொள்வார்கள், சந்தேகம் கேட்டால் சொல்ல விவரமான ஆள் ஒருவர் அங்கேயே இருப்பார். சுவீடனில் உண்டு, பின்லாந்தில் உண்டு. அமெரிக்க ராணுவ முகாம்களில் சிப்பாய்கள் தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்ள இப்படிப் பட்டறைகளை அரசாங்கமே நடத்துகிறது. அங்கே எதற்காக இது முளைத்தது என்று யோசித்தால் விஷயம் எளிது. மெக்கானிக் கை வைத்தால் ஒரு மணி நேரத்துக்கே யானை விலை. அடுக்குமாடி வாசலில் வண்டியைக் கழற்றிப் போட அனுமதி கிடையாது. பனிக்காலத்துக்கு ஒரு டயர், கோடைக்கு ஒரு டயர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றியாக வேண்டும். அதனால் இரும்பை வாடகைக்கு எடுத்துக் கையை மிச்சம் பிடிக்கிறார்கள்.

நம் ஊரில் கணக்குத் தலைகீழ். இங்கே கைக்கூலி மலிவு, இரும்புதான் விலை. இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று வைக்க லட்சங்கள் வேண்டும். அதை வாடகைக்கு விட்டு முதலை எடுப்பதற்குள் முதலாளி வழுக்கையாகிவிடுவார். அதே லட்சத்துக்கு இரண்டு பையன்களை வைத்து வருஷக்கணக்கில் வேலை வாங்கலாம் என்று இருந்தால் யார் லிஃப்ட் வைப்பார்கள்? ஜெர்மன் மாதிரி இங்கே வராததற்கு இதுதான் காரணம். நம் ஆட்களுக்குக் கருவியைத் தொடத் தெரியாது என்பதெல்லாம் இல்லை.

தெரியாதா என்ன! உனக்கு ஞாபகம் இருக்காது, வாடகை சைக்கிள் கடை என்று ஒன்று தெருவுக்குத் தெரு இருந்தது. வாசலில் காற்றுப் பம்பு கிடக்கும். யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். செயின் கழன்றால், பெடல் ஆடினால், கடைக்காரர் ஸ்பேனரைத் தூக்கிப் போடுவார். "திருப்பிக் குடுத்துட்டுப் போணும், வெளிய கொண்டு போகப்படாது." அங்கேயே குத்தவைத்து நாமே முடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பஞ்சர் என்றால் மட்டும் அவர் வேலை, அதற்குக் காசு. நாங்கள் அத்தனை பேரும் சைக்கிளின் உள்விவரம் படித்தது அந்த வாசலில்தான். பொதுப் பட்டறை என்று தனியாகப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சைக்கிளுக்கு இருந்தது காருக்கு ஏன் இல்லை என்று கேட்டால், கார் கழன்றால் ஆள் போய்விடும், அதுதான் வித்தியாசம்.

ஆனால் டிரைவர்மார் இதை இன்றைக்கும் செய்கிறார்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் நான் வழக்கமாக வண்டி விடுகிற பட்டறை, ஒரு புளியமரமும் தகரக் கொட்டகையும்தான். ஒரே காம்பவுண்டில் எஞ்சின் வேலைக்கு ஒருவர், எலக்ட்ரீசியன் ஒருவர், டிங்கர் ஒருவர், வாசலில் பஞ்சர் கடை. ஆளுக்கொரு வாடகை. நடுவில் சிமெண்டு பூசிய குழி, அது எல்லாருக்கும் பொது. சீசன் நேரத்தில் ராத்திரி பத்து மணிக்குமேல் போனால், பழைய குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் நாள் முழுக்கச் சவாரி அடித்த டாக்சிக்காரர்கள் தங்கள் வண்டியைக் குழிமேல் ஏற்றித் தாங்களே ஆயில் மாற்றிக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக் ஓரமாக உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருப்பார். கை கேட்டால் எழுந்து வருவார். ஸ்பேர் பார்ட்ஸை அவர்களே கடையில் வாங்கி வந்துவிடுவார்கள். டாக்சிக்காரர்களுக்கு இருக்கிற உரிமை உனக்கும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. வா, கேட்டுவிடுவோம் என்று கிளம்பினோம். இரண்டாவது கியரிலேயே, ஹேண்ட் பிரேக்கில் ஒரு கை வைத்தபடி.

பட்டறை அண்ணாச்சிக்கு வயது அறுபதைத் தாண்டும். மருமகன் சொன்னதையெல்லாம் ஸ்பேனரைத் துடைத்தபடி கேட்டார். பிறகு சொன்னார்: "எய்யா, வண்டி ஒன்னோடது, கையும் ஒன்னோடது, சரி. நாளைக்கு ஆலங்குளம் தாண்டிச் சக்கரம் கழண்டுச்சுன்னா, 'எங்கடே வேலை பாத்த'ன்னு கேப்பான்லா? எந்தப் பேரைச் சொல்லுவ? என் பட்டறைப் பேரைத்தான?"

இந்தக் கேள்வி எந்த ஊரிலும் உண்டு, பதில்தான் ஊருக்கு ஊர் வேறு. ஜெர்மனியில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே கையெழுத்தை நம்பி யாரும் குழியைக் கொடுப்பதில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் விதியைச் சொன்னார். "குழி ஒனக்கு. ஸ்பேனர் ஒனக்கு. கடைசி முடுக்கு என்னோடது. அதுக்குத்தான் காசு."

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அங்கே லிஃப்ட்டுக்கு வாடகை. இங்கே முப்பது வருஷப் பழக்கமுள்ள ஒரு கண்ணுக்கு வாடகை.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கி போட்டு, ஜாக்கியை நம்பாமல் நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து வண்டியை உட்கார வைத்தோம். இதில் மட்டும் நான் கண்டிப்பு. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. அதற்குள் இருக்கிற ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கடியில் தலையை நீட்டக் கூடாது. குழியிலும் இப்படி ஒரு பயம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், எல்பிஜி கேஸும் அப்படித்தான். கீழே போய்த் தேங்கி நிற்கும். அதனால் டேங்க், பெட்ரோல் குழாய் சம்பந்தப்பட்ட வேலையைக் குழிக்கு மேல் வைத்துப் பார்க்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுக் குழிக்குள் ஆள் நிற்கவும் கூடாது.

சக்கரம் கழன்றதும் முன் பேட்களைப் பார்த்தோம். இரும்புத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கிற கறுப்புப் பொருள் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. இவனுடையதில் ஒரு பக்கம் நாலு இருந்தது, இன்னொரு பக்கம் இரண்டுகூட இல்லை. ஒரே காலிப்பரின் இரண்டு பேட் இப்படி ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தால், காலிப்பர் வழுக்கிப் போகிற பின் எங்கேயோ இறுகிக்கிடக்கிறது என்று அர்த்தம். புதுப் பேட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போனால் அதுவும் கோணலாகத்தான் தேயும். சாரல் அடிக்கிற ஊரில், மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில், இந்தப் பின் துருப்பிடித்து இறுகுவது சாதாரணம். கழற்றித் துருவை எடுத்து, அதற்கென்று இருக்கிற கிரீஸைப் பூசி மாட்டினான். பில்லில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இருக்காது. அதனாலேயே அவசரத்தில் விட்டுப்போகிற வேலை இது. நீயே பார்த்தால் உனக்கு அவசரம் கிடையாது. தன் கையால் வேலை பார்ப்பதில் காசு மிச்சம் என்று சொல்வதைவிட இதைத்தான் நான் பெரிசாகச் சொல்வேன்.

அடுத்து ஏர் எடுப்பது. பழைய ஆயிலையும் அதிலுள்ள குமிழிகளையும் வெளியேற்றிப் புதுசை நிரப்புவதற்குப் பட்டறை மொழியில் அதுதான் பெயர். இதைத் தனி ஆளாகச் செய்யக் கருவிகள் வந்துவிட்டன, இருந்தாலும் பழைய முறைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் பக்கம், அதாவது வலது பக்கம் இருப்பதால் அதற்கு அதிகத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். சில வண்டிகளுக்குக் கையேட்டில் வேறு வரிசை போட்டிருக்கும், அப்போது கையேடு சொல்வதுதான் சரி. நிப்பிளின் தலையில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரியான டியூப்பைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி வைக்க வேண்டும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை. பழைய வண்டியில் பெடலைத் தரை வரைக்கும் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்துக்கு வாஷர் போய்க் கிழிந்துவரும்.

நான் சீட்டில். அவன் கீழே.

"மிதிங்க மாமா… மிதிங்க… மிதிங்க… புடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டேன். அவன் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தான். என் காலுக்குக் கீழே பெடல் மெதுவாக இறங்கியது. டியூப்பில் டிக்காஷன் ஓடியது, நடுநடுவே கடுகு மாதிரி குமிழிகள். அவன் நிப்பிளை அடைத்து "விடுங்க" என்று சொல்கிறவரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்றையே வண்டி திரும்பக் குடித்துவிடும். இதை அவனுக்கு வகுப்பு எடுத்தவன் நான்தான். நாலாவது தடவையே, ரோட்டில் போன ஒரு கல்யாண வேனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு காலை எடுத்துவிட்டேன். குமிழி உள்ளே போவது டியூப்பில் பளிச்சென்று தெரிந்தது. அண்ணாச்சி சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "சாருக்கு வாய் பேசுது, காலு கேக்க மாட்டேங்கு."

முதலிலிருந்து பிடித்தோம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து அரை லிட்டர் பாட்டில் ஒன்றும் அடுத்ததில் பாதியும் ஆயிற்று. மேலே டப்பா காலியாகாமல் இடையிடையே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வற்றினால் அங்கேயும் காற்று ஏறும். மீந்த பாதி பாட்டிலை மருமகன் பத்திரமாக மூடி டிக்கியில் வைக்கப் போனான். வேண்டாம் என்றேன். திறந்த பாட்டில் இந்தச் சாரல் காற்றில் அன்றைக்கே ஈரம் குடிக்க ஆரம்பித்துவிடும், அடுத்த வருஷம் அதை ஊற்றுவதும் பழசை வைத்திருப்பதும் ஒன்றுதான். பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும் என்பதால் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றினோம். இவன் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது. அதன் பெட்டிக்குள்ளேயே காற்று புகுந்திருந்தால் பெடலை மிதித்து மட்டும் எடுக்க முடியாது, ஸ்கேனரை மாட்டி உள்ளே இருக்கிற வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். நல்லவேளை, பெடல் கல்லாக நின்றது.

அப்படியென்றால் எல்லா வேலையும் நாமே பார்க்கலாமா என்றால், கூடாது. ஆயில், ஃபில்டர்கள், பேட்டரி, பல்பு, வைப்பர் இவற்றை ஒரு தடவை கூட நின்று பார்த்தவன் தானே செய்யலாம். பிரேக்கை அனுபவமுள்ள ஒரு கண் மேலே இருந்தால்தான் தொட வேண்டும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும். டீசல் எஞ்சினின் காமன் ரெயில் குழாயில் ஓடுகிற அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும், கசிவை விரலால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மஞ்சள் இணைப்பு பார்த்தால் ஏர்பேக், எலக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு வயர் பார்த்தால் உயர் மின்னழுத்தம். இரண்டிலும் கை வைக்காமல் பக்கத்து வேலையைப் பார். இன்னொன்று, பழுது பார்ப்பது வேறு, வண்டியை மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி நிறுவனம் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

என் கதையையும் அவனிடம் மறைக்கவில்லை. முதல்முதலில் நானே ஆயில் மாற்றியபோது, சம்ப்பின் அடியில் இருக்கிற போல்ட்டைக் கசியக் கூடாதே என்று முழு பலத்தோடு முடுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் கைக்கு ஒரு சுகம் தெரிந்தது, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. மரை போயிருந்தது. சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், லேத்துக்குத் தூக்கிப்போய்ப் புது மரை போட்டுவந்தேன். இந்த மிகை பலத்தைத் தடுக்கத்தான் டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடி நுனியில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர். சின்னக் கார்களின் வீல் நட்டுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் கேட்பார்கள், சரியான எண் கையேட்டில் இருக்கும். அந்த அளவு வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான், வருஷத்துக்கு இரண்டு நாள் வேலை. பொதுவில் வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

உதிரிச் சாமானையும் விவரத்தையும் கம்பெனிக்காரர்கள் நமக்குத் தருவார்களா என்று மருமகன் கேட்டான். இந்தச் சண்டை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. அசல் உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல், வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள் என்ற புகாரில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது தனிக் கதை. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, அந்த வருஷம் டிசம்பர் 24 அன்று இணையதளமும் திறந்தது. அதில் வாகனமும் ஒரு பிரிவு. அவன் ஊரான பெங்களூரிலேயே 2015 முதல் 'ரிப்பேர் கஃபே' நடக்கிறது, ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் தொடங்கிய பழக்கம். மிக்சி, ஃபேன், அயர்ன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனால் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து நாமே சரிசெய்யலாம். மேசைமேல் வைக்க முடிகிற பொருளுக்கு அது சரி. காருக்குக் குழி வேண்டும்.

வேலை முடிந்ததும் அவன் பாட்டிலில் சேர்ந்த பழைய பிரேக் ஆயிலைக் காம்பவுண்டுச் சுவரோரச் சாக்கடையில் சாய்க்கப் போனான். அண்ணாச்சி ஒரு சத்தம் போட்டார். பழைய எஞ்சின் ஆயிலுக்கு ஒரு பேரல், மற்றதற்கு ஒரு கேன் மூலையில் இருந்தன. 2016-ஆம் வருஷ விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு, அங்கீகாரம் உள்ளவர்களிடம்தான் போக வேண்டும். ஆனால் அண்ணாச்சி விதியைச் சொல்லவில்லை. "அந்தத் தண்ணி எங்க போவுது தெரியுமா? சிற்றாத்துக்கு." குற்றால மலையில் இறங்கித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு ஓடித் தாமிரபரணியில் சேர்கிற ஆறு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கென்றே பேர் போன குற்றாலத்தில், அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு இப்போது தடை. தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெய்க்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் இதற்கு என்ன சொல்வது? வீட்டு வாசலில் வேலை பார்ப்பதைவிடப் பொதுப் பட்டறை மேல் என்பதற்கு அந்தப் பேரல் ஒன்றே எனக்குப் போதும்.

சக்கரங்களை மருமகன்தான் மாட்டினான். நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கினான், அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு, கையில் சோப்புத் தூளைக் கொட்டிக்கொண்டு பனியன் வேஸ்டால் விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் நேற்றைய வெளுப்பு இல்லை. அண்ணாச்சி டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கு நாலு, மொத்தம் பதினாறு நட்டு. டக், டக், டக், டக். மூன்று சக்கரம் முடிந்தது. பின் இடது சக்கரத்தில் மூன்று நட்டு டக் என்றன. நாலாவது, கால் சுற்று சுற்றிவிட்டு அப்புறம்தான் டக் என்றது.

அண்ணாச்சி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பர்ஸை எடுத்தான்.